எந்தப் பெட்டியை வாங்குவது?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது முன்னோர் வாக்கு. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கறவை மாடு வாங்கப் போகிறவர் அதன் சுழியைப் பார்ப்பார். பல்லைப் பிடித்து எண்ணுவார். எத்தனையாவது ஈற்று என்று நாலு பேரிடம் விசாரிப்பார். காணி வாங்குகிறவர் கிணற்று நீரை அள்ளி வாயிலிட்டு, உவரோ நன்னீரோ என்று தெளிந்த பின்னரே உறுதி எழுதச் சம்மதிப்பார். இத்துணைக் கெட்டிக்காரரும் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைக்குள் நுழைந்தவுடன் தம் கெட்டித்தனத்தை வாயிலிலேயே கழற்றி வைத்துவிடுகின்றனர். அட்டையில் அச்சிட்ட எண்களுள் எது பெரிது என்று பார்க்கின்றனர், சுவரில் வரிசையாக ஒளிரும் திரைகளுள் கண்ணைப் பறிப்பது எதுவோ அதனைச் சுட்டிக் காட்டுகின்றனர், பணத்தைக் கட்டிவிடுகின்றனர்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மாடும் காணியும் தலைமுறை தலைமுறையாக நாம் வாங்கி விற்றவை. தொலைக்காட்சிப் பெட்டியோ நேற்று வந்தது. இலங்கையில் சுயாதீன தொலைக்காட்சி சேவை 1979 ஆம் ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் நாள் தொடங்கியது. ஜப்பானிய அரசின் உதவியோடு அமைந்த ரூபவாகினி 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அந்த எண்பதுகளில் நம்மவர் வீட்டுக் கூரைக்கு மேலே உயர்ந்த குழாய்க் கம்பம் நாட்டி, அன்ரனாவைத் தமிழ்நாட்டை நோக்கித் திருப்பித் தூரதர்சனைப் பிடிக்கப் படாத பாடு பட்டனர். 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. பெட்டியையும் டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஊரே கூடி விடிய விடியப் படம் பார்த்த இரவுகளை இன்று நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் ஒரு பெட்டி கிடைப்பதே பெரும் பேறு. எது சிறந்தது என்ற கேள்விக்கு இடமேயில்லை. இன்று நிலைமை தலைகீழ். கடைகளில் பெட்டிகள் மலிந்துவிட்டன. தெரிவு செய்வதுதான் தொல்லையாகிவிட்டது. அத்துடன், 2022 இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறிய பின்னர், மலிவான பெட்டி என்று சொல்லப்படுவதும் நடுத்தரக் குடும்பத்துக்கு மலிவானதன்று.

எம் அயலில் வாழும் அம்மையார் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு தாளில் இரண்டு பெட்டிகளின் விபரத்தை எழுதிக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர். ஒரே மகன் ரொறொன்ரோவில் இருக்கிறான். வருகின்ற ஆவணியில் அங்கே அவனுக்குத் திருமணம். இவருக்கு விசா கிடைக்கவில்லை. மணவறையை வீட்டிலிருந்து நேரலையாகவே பார்க்க வேண்டும். அதற்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது.

"தம்பி, இந்த இரண்டிலை எதை வாங்கிறது? பெரிசை வாங்கட்டோ, பேர் தெரிஞ்சதை வாங்கட்டோ?" என்று கேட்டார்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. முதலாவது 43 அங்குலம், அவர் பெயர் கேள்விப்படாத கொம்பனி, 4கே என்றும் ஸ்மார்ட் என்றும் அட்டையெங்கும் எழுதியிருந்தது, உத்தரவாதம் ஓராண்டு. இரண்டாவது 32 அங்குலம், நெடுநாள் அறிந்த பெயர், எச்.டி. ரெடி என்னும் சாதாரணத் தரம். உத்தரவாதம் மூன்று ஆண்டு. திருத்துமிடம் யாழ்ப்பாண நகரிலேயே உண்டு. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் முதலாவதே இலாபம். ஒரே பணத்துக்கு ஏறத்தாழ 80 வீதம் அதிகமான திரைப்பரப்பு கிடைக்கிறது. வாசகர்களுள் பலரும் இதே இரண்டு வகைகளுக்கு நடுவிலேயே நின்று தடுமாறுகிறீர்கள் என்பதால், நாம் அவருக்குச் சொன்னவற்றை இங்கே விரித்துரைக்கின்றோம்.

முதலில் நாம் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "உங்கள் கதிரைக்கும் சுவருக்கும் இடையே எத்தனை அடி?" என்றே கேட்டோம். அளந்து பார்த்ததில் ஒன்பது அடி இருந்தது.

இந்த ஒன்பது அடி ஏன் முக்கியமானது? தொலைக்காட்சித் திரை சிறு சிறு படப்புள்ளிகளால் ஆனது. எச்.டி. ரெடி திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 ஆக ஏறக்குறைய பத்து இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. திரையில் இருபது இலட்சம். 4கே திரையில் எண்பது இலட்சத்துக்கு மேல். எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. குறையற்ற கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்கு உட்பட்ட இரு புள்ளிகளைப் பிரித்தறிய மாட்டாது. இக்கணக்கின்படி 32 அங்குல எச்.டி. ரெடி திரையின் புள்ளிகள் ஏறக்குறைய ஆறடிக்கு அப்பால் ஒன்றோடொன்று கலந்துவிடும். 43 அங்குல முழு எச்.டி. திரைக்கும் அத்தூரம் அநேகமாக அதேதான். அப்படியாயின் அதே அளவான 4கே திரையின் நுண்மையை முற்றாக அனுபவிக்க எவ்வளவு அருகில் இருக்க வேண்டும்? மூன்றடிக்கும் குறைவாக! ஒன்பது அடிக்கு அப்பால் சாய்ந்திருப்பவருக்கு 4கே என்பது அட்டையில் அச்சிட்ட ஓர் எழுத்து மாத்திரமே. அம்மையாருக்கோ ஒரு கண்ணில் வெண்புரை அகற்றப்பட்டிருக்கிறது. மற்றக் கண் அதற்காகக் காத்திருக்கிறது.

ஆகவே அவர் கேள்வியிலிருந்து 4கே என்பது கழன்றுவிட்டது. எஞ்சியது பருமன். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. திரை எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பது திரையின் அளவை மட்டுமன்றி, இருக்கும் தூரத்தையும் பொறுத்தது. ஒன்பது அடி தூரத்தில் 43 அங்குலத் திரை எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ, ஏறக்குறைய ஆறே முக்கால் அடி தூரத்தில் 32 அங்குலத் திரையும் அவ்வளவு பெரிதாகவே தோன்றும். கதிரையை இரண்டேகால் அடி முன்னே இழுத்துப் போட்டால் போதும். கதிரையை இழுப்பதற்கு எந்தக் கடையிலும் பணம் கேட்கமாட்டார்கள்.

இனி, பெட்டிக்குள் வருவது என்ன என்று பார்ப்போம். குழாயில் வராத தண்ணீரைக் குடத்தின் பருமன் கொண்டுவராது. சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசைகளின் படத்தில் நாலு இலட்சத்துச் சொச்சம் புள்ளிகளே உள்ளன. அதனை எண்பது இலட்சம் புள்ளித் திரையில் விரித்தால், இல்லாத புள்ளிகளைப் பெட்டி தானே ஊகித்து நிரப்புகிறது. மலிவான பெட்டிகள் இந்த ஊகத்தில் அத்துணைத் திறமையுடையவை அல்ல. முகங்கள் மெழுகு பூசினாற்போலத் தோன்றும். யூரியூப் வழியே வரும் படத்துக்கும் கணக்கு உண்டு. 4கே தரத்துக்கு விநாடிக்கு 20 மெகாபிற் அளவான இணைய வேகத்தை அந்நிறுவனம் விதந்துரைக்கிறது. முழு எச்.டி.க்கு 5 போதும். அதனினும் குறைந்த எச்.டி.க்கு இரண்டரையே போதும். உங்கள் வீட்டு இணையம் மாலை வேளையில் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கைத்தொலைபேசியிலேயே அளந்து பார்க்கலாம். அந்த அளவைக்குப் பின்னர் அட்டையிலுள்ள எண்ணை வாசியுங்கள்.

அடுத்தது, யார் எங்கே இருக்கப் போகிறார்கள் என்பது. நம் வீடுகளில் ஒருவர் மட்டும் நேரெதிரே அமர்ந்து பார்ப்பது அபூர்வம். அப்பாச்சி சாய்மனைக் கதிரையில் ஒரு மூலையில் இருப்பார். பிள்ளைகள் நிலத்தில் படுத்திருப்பர். குசினி வாயிலில் நின்றபடி ஒருவர் பார்ப்பார். அயலவர் விறாந்தை யன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். திரைப்பலகைகளில் பெரும்பாலும் இரண்டு வகைகள் உள்ளன. ஐ.பி.எஸ். என்னும் வகையில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் கருமை சற்றே சாம்பலாகத் தோன்றும். வி.ஏ. என்னும் வகையில் கருமை ஆழமானது, இருட்டறையில் நேரே இருந்து பார்க்க அழகானது. பக்கத்தே நகர்ந்தால் நிறம் வெளுத்துவிடும். முகப்பில் வெவ்வேறு பெயர்கள் இருப்பினும், உள்ளே இருக்கும் பலகைகள் சீனாவின் பி.ஓ.இ. போன்ற சில பெருந்தொழிற்சாலைகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. ஆதலால் கொம்பனியின் பெயரைவிடப் பலகையின் வகையே இங்கு முக்கியம். விற்பவருக்கு அது தெரியாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். முகம் ஒன்று தெரியும் படத்தைப் போடச் சொல்லிப் பக்கவாட்டில் நாலடி நடந்து பாருங்கள். முகம் வெளுத்தால் அது வி.ஏ. எனக் கொள்க. அம்மையார் அப்படியே செய்தார். முதற் பெட்டி வெளுத்தது, இரண்டாவது வெளுக்கவில்லை.

கடையில் இன்னொன்றையும் செய்ய மறவாதீர்கள். அங்குள்ள பெட்டிகள் எல்லாம் கடைக்கென்று அமைத்த மிகைப் பிரகாசத்தில் எரிகின்றன. வீட்டு அமைப்புக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். எச்.டி.ஆர். என்ற எழுத்தைக் கண்டும் மயங்க வேண்டாம். அம்முறைப் படங்களைக் காட்டத் தக்க ஒளிவலு மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தக் குறிப்பை ஏற்றுக்கொள்கின்றன, அவ்வளவே.

காதும் கண்ணைப் போலவே முக்கியம். திரை மெலிந்ததனால் ஒலிபெருக்கிகள் சிறுத்து, நிலத்தை நோக்கித் திரும்பிவிட்டன. சத்தம் இருக்கும், சொல் விளங்காது. செவிப்புலன் குறைந்த முதியோர் உள்ள வீட்டில் இது பெருங்குறை. கடையில் பாட்டுப் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை. செய்தி வாசிப்பதைக் கேளுங்கள். நாலு யார் தள்ளி நின்று ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா என்று பாருங்கள்.

இனி ஸ்மார்ட் என்னும் மூளை. இதுவே இன்று அதிகம் விலைபேசப்படுவதும், விரைவில் முதுமையடைவதும். திரை ஏழெட்டு ஆண்டு உழைக்கலாம்; உள்ளிருக்கும் மென்பொருளோ மூன்று நாலு ஆண்டுகளில் தளர்ந்துவிடும். மலிவான பெட்டிகள் சிலவற்றில் கூகிளின் அனுமதி பெறாத அன்ட்ரொயிட் இருக்கிறது. யூரியூப் இன்று ஓடும். நாளை ஓடும் என்பதற்கு உறுதியில்லை. நெற்பிளிக்ஸ் போன்றவை சரிவர இயங்காமலும் போகலாம். மாறாக, எச்.டி.எம்.ஐ. துவாரமுள்ள எந்தச் சாதாரணப் பெட்டியிலும் சிறியதொரு இணையக் கருவியைச் செருகி ஸ்மார்ட் ஆக்கிக்கொள்ளலாம். அது பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மூளை தனியாகவும் கண் தனியாகவும் இருப்பது பெட்டிகளைப் பொறுத்தவரை நல்லதே.

மின்சாரத்தை மறந்துவிட்டு யாழ்ப்பாணத்தில் எதனையும் வாங்க முடியாது. 32 அங்குலப் பெட்டி ஏறக்குறைய 50 வாற்றும், 43 அங்குலப் பெட்டி 80 வாற்றும் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு முறையே ஏழரை அலகும் பன்னிரண்டு அலகும் ஆகின்றன. வேறுபாடு நாலரை அலகுதான். எனினும் மாதப் பாவனை 60 அலகுக்குச் சற்றுக் கீழே நிற்கும் சிறு குடும்பத்துக்கு அந்த நாலரை அலகு கட்டணத்தின் வகுப்பையே மாற்றிவிடக்கூடும். பெட்டியின் பின்புறத்து ஒட்டுத்தாளில் ஏற்கும் மின்னழுத்தம் எழுதப்பட்டிருக்கும். 100 முதல் 240 வோல்ற் வரை என்று இருந்தால், மாலையில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களுக்கு அதுவே உகந்தது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும்போது செருகியையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுவது எந்த உத்தரவாதத்தினும் மேலான காவல்.

அம்மையாருக்கு இதில் வேறு கவலையும் இருந்தது. ரொறொன்ரோவில் கோடைக்காலத்துக் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30. முகூர்த்தம் அந்நேரம். நாடு முழுவதும் மின்சாரம் அதிகம் செலவாகும் வேளை அது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை அவர் மறக்கவில்லை.

"படம் பெரிசோ சின்னனோ, அவன் தாலி கட்டேக்கை கரண்ட் நிக்காமல் இருந்தால் காணும்" என்றார்.

கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று, அதன் மின்கலம் நல்ல நிலையில் இருந்தால், 50 வாற்றுப் பெட்டியையும் இணையக் கருவியையும் அரைமணி நேரமளவு தாங்கும். தாலி கட்டி முடிய அது போதும். பெரிய பெட்டியாயின் அந்நேரம் இன்னும் சுருங்கும்.

கடைசியாக, பழுது. மலிவான பெட்டிகளில் அடிக்கடி கெடுவது திரைக்குப் பின்னுள்ள ஒளிப்பட்டிகள். சத்தம் கேட்கும், படம் தெரியாது. இதனைத் திருத்தலாம், செலவும் அதிகமன்று. திரைப்பலகை உடைந்தாலோ புதுப்பெட்டி வாங்குவதற்கும் திருத்துவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு நின்றுவிடாமல், பலகைக்கு எத்தனை, உட்பலகைக்கு எத்தனை, றிமோற்றுக்கு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். திருத்துவது எங்கே என்றும் கேளுங்கள். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கொழும்புக்குப் போய்வரும் பெட்டியின் ஏற்றுக்கூலியை யார் கொடுப்பது என்பதை முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டுமென்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகரைப் பணிக்கிறது. வாங்கிய பின் பிரகாசத்தைப் பாதியளவுக்குக் குறைத்து வைத்தால் ஒளிப்பட்டிகளின் ஆயுளும் நீளும்.

தவணைக்கு வாங்குவோர்க்கு ஒரு சொல். கையில் கொடுத்தால் 100 ரூபாவாகும் பொருளை மாதம் 10 ரூபாவாகப் பன்னிரண்டு மாதம் கட்டினால் 120 ரூபா ஆகிறது. வட்டி 20 வீதம் என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 35 வீதம். சிறிது பொறுத்து, சீட்டிலோ வங்கியிலோ சேர்த்து வாங்குவது எவ்வளவு மேல் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்க.

அம்மையார் 32 அங்குலப் பெட்டியையே வாங்கினார். இதனால் சிறிய பெட்டியே எல்லோர்க்கும் ஏற்றது என்று நாம் சொல்வதாக எண்ணற்க. கதிரையை அரக்க முடியாத பெரிய மண்டபமும், பன்னிரண்டடிக்கு அப்பால் இருந்து பார்க்கும் பெருங்குடும்பமும் உள்ள வீட்டுக்கு 43 அங்குலமே தகும். பலரும் பலபுறம் இருந்து பார்ப்பதாயின் ஐ.பி.எஸ். பலகையும், ஊரிலேயே திருத்துமிடமும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஒன்றே, வீட்டுக்கு வீடு அதன் பெறுமதி மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கடைக்காரர் அறிய மாட்டார். அட்டையில் அச்சடித்தவரும் அறிய மாட்டார். கதிரை கிடக்கும் தூரமும், கூடியிருப்பவர் தொகையும், தாயின் கண்ணும் காதும், மாலை நேரத்து மின்சாரமும் அவ்வீட்டில் வாழ்வோர்க்கே தெரியும்.

ஆதலின், தொலைக்காட்சிப் பெட்டி வாங்க எண்ணும் அன்பர்கள் கடைக்குப் புறப்படுமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துத் தம் வீட்டை ஒருமுறை அளந்துகொள்வார்களாக. வீட்டில் மூத்தவர் எங்கே அமர்கிறார் என்பதையும், அவருக்கு என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்பதையும் அவரிடமே கேட்டறிவார்களாக. அதன் பின்னர் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவது அத்துணைக் கடினமாக இராது.